பதினெட்டு வாய்க்கும் தண்ணீர்

சிவகங்கையிலிருந்து கிழக்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, "தவளையேந்தல் விலக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால், கண்டக்டர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சொந்தக்காரங்க வீடா, இல்ல சும்மா பாக்கப் போறீங்களா?" என்று விசாரிப்பார். அந்த ஊருக்கு அப்படி ஒரு பேர். ஊர்க்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்கிறவர்கள். ஊர் கெட்டதே அதனால்தான்.

மெயின் ரோட்டில் ஊர்ப் பாதை பிரிகிற விலக்கிலிருந்து ஊருக்குள் மூன்று கிலோமீட்டர். பஸ் உள்ளே வராது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள், ஒரே டீச்சர். இருதயமேரி என்று பேர். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போய், ஊன்றுகோலோடு நடப்பவர். காலையில் மூன்று கிலோமீட்டர், சாயங்காலம் மூன்று கிலோமீட்டர். ஆறு வருஷம் நடந்து பார்த்துவிட்டு, ஒரு ஆவணி மாதம் சொல்லிவிட்டார்.

"என்னால இனிமே முடியாது. பொங்கலுக்குள்ள ஏதாச்சும் ஏற்பாடு செய்யுங்க. இல்லேன்னா மாறுதல் வாங்கிட்டுத் திருப்பத்தூர் போயிருவேன்."

டீச்சர் போனால் அந்தப் பாதையில் நடக்க இன்னொரு டீச்சர் வர மாட்டார். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அந்தப் பதினொரு பிள்ளைகளும் படிக்காமல் போனால் ஊர் கடைசி வரை இப்படியே இருந்துவிடுமே என்று பக்கத்து ஊர்க்காரர்களே கவலைப்பட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊர் கூடிப் பேசியது. தூரம் அதிகம் என்பதுதானே டீச்சரின் குறை? தூரத்தைக் குறைத்துவிடுவது என்று முடிவானது. விலக்கில் நின்ற மைல்கல்லில் '3' என்று இருந்ததைச் சுரண்டிவிட்டு '1' என்று எழுதினார்கள். மறுநாளும் டீச்சர் வேர்த்து விறுவிறுத்துத்தான் வந்து சேர்ந்தார். ஊருக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு கிலோமீட்டருக்கே இப்படி மூச்சு வாங்குதே. முந்தி மூணு கிலோமீட்டர் எப்படித்தான் நடந்துச்சோ, பாவம்!" என்றார் ஊர்ப் பெரியவர் சோணைமுத்து.

சிவகங்கையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் தனுஷ்கோடி காதுக்கு இந்தச் சேதி போனது. அவனும் தவளையேந்தலில் பிறந்தவன்தான். ஏழு வயதில் வெளியூர் போய்விட்டதால் தப்பித்தவன். ஒரு பெரிய விடுதியில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய பேட்டரி வண்டி ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது. நாலு பேர் உட்காரலாம், மேலே கூரை உண்டு. அதை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கினான்.

"என்ன மாப்ள, ஓடுறப்ப சத்தமே வரல. உசுரு இருக்கா?" என்றார் சோணைமுத்து.

"பேட்டரி வண்டி அப்படித்தான் மாமா. சீட்டுக்கு அடியில பாருங்க. ஆறு பேட்டரி. ஒண்ணொண்ணுக்கும் மூணு மூடி. ஆக மொத்தம் பதினெட்டு வாய். வண்டி ஓடி ஓடி, சார்ஜ் ஏத்த ஏத்த உள்ள இருக்க தண்ணி வத்தும். வத்தி, உள்ள இருக்க தகடு வெளிய தெரிஞ்சுச்சுன்னா பேட்டரி செத்துச்சுன்னு அர்த்தம். அதனால மூணே விசயம். ஒண்ணு, காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டும்தான் ஊத்தணும். கேன்ல குடுத்திருக்கேன். கண்மாய்த் தண்ணி, குழாய்த் தண்ணி எதுவும் ஆகாது. ரெண்டு, முதல்ல சார்ஜ், அதுக்கப்புறம்தான் தண்ணி. மூணு, தகடு முங்கணும், ஆனா கழுத்து வரைக்கும் ரொப்பக் கூடாது. மார்கழிக் கடைசியில வந்து பாப்பேன். ஒரு வாய் செத்திருந்தாலும் வண்டி பக்கத்து ஊரு புல்லேந்தலுக்குப் போயிரும். அங்க ஒரு நர்ஸம்மா ரொம்ப நாளாக் கேக்குறாங்க."

சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். நாலு பேரைக் கொண்டு வண்டிக் கமிட்டி அமைந்தது. தலைவர் சோணைமுத்து, ஏனென்றால் அவரிடம்தான் கைக்கடிகாரம் இருந்தது. அது ஓடாது, ஆனால் இருந்தது. ஓட்டுவதற்கு சேவுகன். மாட்டுவண்டி ஓட்டிய கை. பேட்டரி வண்டியையும் "ஹை, ஹை" என்று சொல்லித்தான் கிளப்புவார். தண்ணீர்க் கேனைத் தூக்க மாயழகு. சந்தேகம் கேட்பதற்கு வெள்ளைக்கண்ணு. அந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராகவே செய்தார்.

முதல் வேலையாக மாயழகு கேனைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"சப்புனு இருக்கு அண்ணே. இதப் போயி எப்படிக் குடிக்கும்? ஒரு கல்லு உப்புப் போட்டு, ரெண்டு கருவேப்பிலையக் கிள்ளிப் போட்டா என்ன?"

வகுப்பறை ஜன்னலுக்குள்ளிருந்து டீச்சர் குரல் வந்தது. "கேனை மூடுங்க மாயழகு அண்ணே!"

மூடினார்.

தவளையேந்தல் வறண்ட ஊர். அதனாலேயே அங்கே ஒரு முறை உண்டு. யார் வந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்த பிறகுதான் "வாங்க" என்றே சொல்வார்கள். சோறு அதற்கும் பிறகு. இந்த முறைதான் கமிட்டியின் முதல் கூட்டத்தில் குறுக்கே வந்து நின்றது.

"சார்ஜுங்கிறது என்ன?" என்று வெள்ளைக்கண்ணு ஆரம்பித்தார்.

"வண்டிக்குச் சோறு," என்றார் சோணைமுத்து.

"தண்ணிங்கிறது?"

"தண்ணிதான்."

"அப்ப சோத்தப் போட்டுட்டு, அப்புறமாத் தண்ணி குடுங்கிறானே தனுஷ்கோடி. வெளியூர்ல இருந்து வந்த வண்டிக்கு ஒரு செம்பு தண்ணி குடுக்காம எடுத்ததும் சோத்தப் போட்டா, நாளைக்கு நம்மளப் பத்தி என்ன பேசும்?"

"ஆனா சொன்ன சொல்லையும் மீறக் கூடாதுல்ல," என்றார் சேவுகன்.

சோணைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். யோசிக்கும்போது பார்ப்பார். "சார்ஜுக்கு அப்புறம் தண்ணி ஊத்தச் சொன்னான். சார்ஜுக்கு முன்னாடி ஊத்தக் கூடாதுன்னு சொன்னானா?"

"சொல்லல."

"அப்ப முன்னாடியும் ஊத்துவோம். சார்ஜ் போடுவோம். பின்னாடியும் ஊத்துவோம். ஊர் முறையும் நிக்கும், அவன் சொல்லும் நிக்கும்."

இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்டு மூவருக்கும் புல்லரித்துவிட்டது. பதினெட்டு வாய்க்கும் தளும்பத் தளும்ப ஊற்றி, வயரை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் வந்து பார்த்தால் பதினெட்டு வாயும் நுரை தள்ளிக் கிடந்தது. பேட்டரி மேலெல்லாம் வழிந்து, தரையில் கோடு போட்டு ஓடியிருந்தது. "அய்யய்யோ, குழந்தை கக்கிருச்சே!" என்று சேவுகன் ஓடி, இடுப்பு வேட்டியின் முனையால் துடைத்துவிட்டார். அது வெறும் தண்ணீர் இல்லை, ஆசிட் கலந்தது. மத்தியானத்துக்குள் வேட்டியில் எழுபது ஓட்டை. அவர் சம்சாரம் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல மாவு சலிச்சுக்கலாம்" என்று அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டது.

"நம்ம யாரு வேட்டியும் ஓட்டையாகல. இவன் வேட்டி மட்டும் ஏன் ஆகணும்?" என்றார் வெள்ளைக்கண்ணு. வண்டிக்கு சேவுகனைப் பிடிக்கவில்லையோ என்று கமிட்டி பாதி நாள் விசாரித்தது.

டீச்சர்தான் வந்து விளக்கினார். "சார்ஜ் ஏறுறப்ப உள்ள இருக்கிறது உப்பி மேல வரும். முன்னாடியே ரொப்பி வச்சிருந்தா எங்க போகும்? வெளியதான் வரும். ஆசிட்டும் சேர்ந்து போயிரும். சோறு முதல்ல, தண்ணி அப்புறம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சிருச்சு டீச்சர். இந்த வண்டி வேற சாதி சனம். முறை வேற," என்றார் சோணைமுத்து. அதிலிருந்து வரிசை தவறவே இல்லை.

அடுத்த சிக்கல் கணக்கில் வந்தது. பதினெட்டு வாய், நாலு பேர். ஆளுக்கு நாலு வாய் பொறுப்பு என்று பிரித்தார்கள். இரண்டு மிச்சம்.

"இன்னும் ரெண்டு பேரைக் கமிட்டியில சேத்துக்குவமா?" என்றார் மாயழகு.

"சேத்தா ஆறு பேரு ஆகும். அப்புறம் ஆளுக்கு மூணு வாய்தான். உங்கிட்ட இருக்க நாலுல எத விட்டுக் குடுப்ப?" என்றார் சோணைமுத்து.

மாயழகு தன் நாலு வாயையும் பார்த்தார். எதையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான். கடைசியில், அந்த இரண்டும் நடுவில் பாதுகாப்பாக இருப்பதால் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று தீர்மானம் போட்டார்கள்.

அவரவர் வாயை அவரவர் அப்படிக் கவனித்தார்கள்! சேவுகன் விளக்கெண்ணெய்க் கரண்டியில் ஊற்றினார். சோணைமுத்து ஊற்றும்போது "குடி, குடி" என்று தட்டிக் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து டீச்சர் டார்ச் லைட் அடித்துப் பார்த்தபோது, பதினாறு வாயில் தண்ணீர் விதவிதமான அளவில் நின்றது. நடுவில் இருந்த இரண்டிலும் தகட்டுக்கு மேல் ஒரு விரல்கூடத் தண்ணீர் இல்லை.

"இன்னும் ரெண்டு நாள் போனா தகடு தெரிஞ்சிரும்," என்றார் டீச்சர்.

"தெரிஞ்சா?"

"வண்டி புல்லேந்தலுக்கு. நான் திருப்பத்தூருக்கு."

வெள்ளைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அநாதையா விட்டுட்டமே," என்றார். அவர் அழுதது டீச்சருக்காக இல்லை, அந்த இரண்டு வாய்க்காக.

டீச்சரே அந்த இரண்டிலும் அளவாக ஊற்றி மூடினார். "கையால ஊத்தினா உங்களுக்கு ஒத்து வராது. எல்லா வாய்க்கும் ஒரே மாதிரி தண்ணி போறதுக்கு ஏதோ சாமான் இருக்காம். தனுஷ்கோடி கடைக்குப் போய்ப் பாத்து வாங்கிட்டு வாங்க," என்று நாலு பேரையும் பஸ் ஏற்றிவிட்டார்.

கடையில் தனுஷ்கோடி நாலு சாமானை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இது மூக்கு வச்ச குடம். மூக்கை வாயில வச்சு அமுக்கினா தண்ணி இறங்கும். அளவு வந்ததும் தானா நின்னுரும். விலை கம்மி, வேலையும் சுளுவு. பதினெட்டு வாயிலயும் ஒவ்வொரு தடவை வைக்கணும், அவ்வளவுதான்."

"பதினெட்டுத் தடவையா? அத யாரு எண்ணுறது?" என்றார் சோணைமுத்து.

"நீங்கதான் மாமா."

"அடுத்ததக் காட்டு."

"இது குழாய் செட்டு. பழைய மூடியெல்லாம் கழட்டிட்டு இந்தப் பதினெட்டு மூடியையும் மாட்டிரணும். ஒவ்வொரு மூடிக்குள்ளயும் ஒரு மிதவை இருக்கு. தண்ணி ஏற ஏற மிதவையும் ஏறி, அளவு வந்ததும் வழியை அடைச்சிரும். எல்லா மூடியையும் ஒரே குழாய் சேக்குது. இந்த முனையில தண்ணி விட்டா பதினெட்டுக்கும் போகும். எதுக்குப் போதுமோ அது தானா நிறுத்திக்கும்."

நாலு பேரும் ஒரு மூடியைக் கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"பந்தியில இலைக்கு மேல கையக் குறுக்க வச்சுப் போதும்பாக பாரு, அந்த மாதிரி," என்றார் சேவுகன்.

"அதேதான் மச்சான்," என்றான் தனுஷ்கோடி.

"பேட்டரிக்குக் கை வச்சுக் குடுத்திருக்கான்யா!" என்று சோணைமுத்து மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் குழாய்க்குத் தண்ணி விட ரெண்டு வழி. ஒண்ணு, இந்த ரப்பர்க் குமிழை அமுக்கி அமுக்கி ஏத்துறது. கேனைத் தரையில வச்சே செய்யலாம். இன்னொண்ணு, தொட்டி. அமுக்கவே வேண்டாம், தானா இறங்கும்."

மாயழகு ரப்பர்க் குமிழை அமுக்கிப் பார்த்தார். 'புஸ்' என்றது. இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு நிறுத்தவே இல்லை. கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேவுகன் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் குமிழை வாங்க வேண்டியிருந்தது.

"இது இவன் கைக்குப் போனா வண்டி வெடிச்சிரும். அதோட அமுக்கி அமுக்கி ஊட்டுறது மரியாதையும் இல்ல. தொட்டியே குடு," என்றார் சோணைமுத்து.

"சரி மாமா. தொட்டி பேட்டரியவிட ஆறடி ஒசரத்துல இருக்கணும். அதுதான் முக்கியம். குழாய்க்கு நடுவுல கண்ணாடிக்குள்ள ஒரு சிவப்பு உருண்டை இருக்கு பாருங்க. தண்ணி ஓடுற வரைக்கும் சுத்தும். சுத்துறது நின்னா எல்லா வாயும் குடிச்சு முடிச்சாச்சு. உடனே குழாயைக் கழட்டிரணும். மாட்டியே வைக்கக் கூடாது."

"இது நம்ம கண்மாய் மடை மாதிரிதானே? இவ்வளவு நேரம் அதச் சொல்லியிருக்கலாம்ல," என்று சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். காசை டீச்சர் சம்பளத்தன்று தருவதாக முன்பே சொல்லியிருந்தார்.

ஊர் வந்ததும் கமிட்டி மறுபடி உட்கார்ந்தது.

"தொட்டிய ஆறடி தூக்கணும்," என்றார் மாயழகு. தூக்கப்போவது தானென்று அவருக்குத் தெரியும்.

"தண்ணியத் தூக்குறதா?" சோணைமுத்து சிரித்தார். "ஏன்டா, நம்ம ஊர்ல எவனாவது வயலுக்குத் தண்ணியத் தூக்கிட்டு ஓடி இருக்கானா? கண்மாய் அது பாட்டுக்கு இருக்க எடத்துல இருக்கு. வயல்தான் பள்ளத்துல கெடக்கு."

"அப்ப?"

"வண்டியப் பள்ளத்துல வையி."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்துக்கு அடியில் குழி வெட்டினார்கள். மூன்று நாள் வேலை. டேப் கிடையாது. ஆனால் சேவுகன் சரியாக ஆறடி. அவரைக் குழிக்குள் நிறுத்தி, தலையும் தரையும் சமமாக வந்ததும் நிறுத்தினார்கள். "பேட்டரி வண்டிக்குள்ள ஒரு அடி ஒசரத்துல இருக்கே?" என்று வெள்ளைக்கண்ணு சந்தேகம் கேட்டார். சேவுகன் தலையில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்து, செம்பும் மறையும் வரை வெட்டினார்கள். ஊரே கூடிக் கயிறு கட்டி வண்டியை உள்ளே இறக்கியது. சார்ஜ் வயரைக் குழிக்குள் விட்டு, முதலில் சோறு. மறுநாள் காலையில் தண்ணீர்.

தொட்டியைத் தரையில் வைத்துக் குழாயை மாட்டியதும் சிவப்பு உருண்டை கிறுகிறுவென்று சுற்றியது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் பார்த்தது. சுற்றல் குறைந்தது, ஆடியது, நின்றது. பதினெட்டு மூடியும் கையைக் குறுக்கே வைத்துவிட்டன! டீச்சர் டார்ச் அடித்துப் பார்த்தார். பதினெட்டிலும் மட்டம் ஒரே அளவு. தகடு முங்கியிருந்தது, கழுத்து வரை வரவில்லை.

"நிஜமாவே நல்லா செஞ்சிருக்கீங்க," என்றார் டீச்சர். ஆறு வருஷத்தில் அவர் அந்த ஊரைப் பார்த்து இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சரி, சாயங்காலம் நான் பஸ்ஸுக்குப் போகணும். வண்டிய மேல எடுத்து வைங்க."

எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தார்கள். சோணைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு பக்கமாச் சரிவா வெட்டியிருந்தா வண்டி தானா ஏறி வந்திருக்கும்ல?" என்றார் டீச்சர், மெதுவாக.

"ஏறி வந்துச்சுன்னா ஆறடி கொறைஞ்சிருமே டீச்சர்."

அன்று டீச்சர் நடந்தார். அடுத்த நாளும் நடந்தார். மூன்றாம் நாள் மாறுதல் விண்ணப்பம் ஒன்றை வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டார். அதைப் பார்த்த பிறகு கமிட்டிக்குச் சோறு இறங்கவில்லை.

வழி கண்டுபிடித்தது சேவுகன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் வரத்துக்கால்வாய் போகிறது. மழை பெய்தால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியது. பல வருஷமாக அதில் ஆடுகள்தான் வந்துபோயின. அதுவும் இந்தக் குழி ஆழம்தான். விலக்குப் பாலத்துக்கு அடியிலிருந்து நேராக ஊருக்கு வருகிறது.

"வண்டி மேல வராதுன்னா, கீழயே போகட்டுமே," என்றார் சேவுகன்.

நடுவில் இருந்த மண் சுவரை இடித்தார்கள். வண்டி குழியிலிருந்து கால்வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போனது. காய்ந்த களிமண் தரை, சிமெண்டுத் தளம் மாதிரி. ஒரு குண்டு குழி இல்லை. விலக்குப் பாலத்தில் பழைய படிக்கட்டு இருந்தது. குழியிலும் டீச்சருக்காகக் கைப்பிடி வைத்துப் படி வெட்டினார்கள். புல்லேந்தல்காரர்கள் வயலில் நின்று பார்த்தால், தரையோடு தரையாக ஒரு கூரை மட்டும் "ஹை, ஹை" என்று ஊர்ந்து போவது தெரியும். அந்தப் பக்கம் மாடு மேய்க்க இரண்டு பேர் வர மறுத்துவிட்டார்கள்.

இப்படியே ஐப்பசி போனது. சாயங்காலம் சார்ஜ், காலையில் பார்த்து, வேண்டுமென்றால் தண்ணீர். உருண்டை நின்றதும் குழாயைக் கழற்றி வைப்பது. தவளையேந்தல் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. எப்படி என்று ஊருக்கே விளங்கவில்லை. பெரிய மனசோடு ஏற்றுக்கொண்டார்கள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். வண்டி குழிக்குள் நிற்கிறது. குழிக்கும் கால்வாய்க்கும் நடுவில் இப்போது சுவர் இல்லை.

"அண்ணே, பேட்டரிக்குத் தண்ணி வருது!" என்றார் மாயழகு.

"அளவு பாக்கணும்டா! கழுத்து வரைக்கும் ஏறக் கூடாது!" என்று சோணைமுத்து குழியில் குதித்தார்.

டீச்சர் வாசலில் நின்று, "டிரம்மைக் கட்டுங்க! நாலு பக்கமும் டிரம்மைக் கட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். டீச்சர் சொன்னதால் கட்டினார்கள். எட்டு நீல டிரம், மூங்கில், தேங்காய் நார்க் கயிறு. தண்ணீர் ஏற ஏற வண்டியும் ஏறியது. ஏறி, ஏறி, தரைக்குச் சமமாக வந்து, சீட்டுக்கு அடியில் ஒரு சொட்டு நனையாமல் வாத்து மாதிரி மிதந்து நின்றது.

"ஆறடி போச்சே!" என்று வெள்ளைக்கண்ணு தலையில் கை வைத்தார். "வண்டி மேல வந்திருச்சு. தொட்டிய இனி எங்க வைக்கிறது?"

மாயழகு தொட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தில் ஏறி, ஒரு கிளையில் கட்டிவிட்டு இறங்கினார். மொத்தம் இரண்டு நிமிஷம்.

டீச்சர் அதைப் பார்த்தார். "மாயழகு அண்ணே. இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே?"

"மொதல்ல வண்டி பள்ளத்துலல்ல இருந்துச்சு டீச்சர்?"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "சரி. இப்பவாவது வண்டியத் தரையில தள்ளி ஏத்துங்க. ரோட்லயே போயிரலாம்."

"ரோடு மூணு எடத்துல ஒடைஞ்சு கெடக்கு டீச்சர். கால்வாயில ஒரு ஒடைப்பு இல்ல," என்றார் சேவுகன். அது உண்மைதான்.

ஆகவே மறுநாளிலிருந்து டீச்சர் மிதந்து வந்தார். இக்கரையில் மாயழகு, அக்கரையில் வெள்ளைக்கண்ணு, ஆளுக்கொரு கயிறு பிடித்து இழுப்பார்கள். சேவுகன் ஸ்டியரிங்கில். சோணைமுத்து முன்னால் நின்று ஹாரன் அடிப்பார். முதல் நாள் டீச்சர் ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி வந்தார். மூன்றாம் நாள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் தூங்கிவிட்டார்.

மார்கழிக் கடைசியில் சொன்னபடி தனுஷ்கோடி வந்தான். விலக்குப் பாலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு டீச்சருக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஊர் வந்ததும் பேட்டரி ஆசிட்டைச் சோதிக்கிற, ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வாயிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தான். முதல் வாய், இரண்டாவது வாய் என்று பதினெட்டு வரை. கமிட்டி நாலு பேரும் பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

"ஒண்ணுகூடச் சாகல," என்றான் தனுஷ்கோடி. "எங்கிட்ட வாங்குனவங்கள்லயே பேட்டரிய இவ்வளவு சுத்தமா வச்சிருக்கிறது நீங்கதான். வண்டி உங்களுக்குத்தான்."

சோணைமுத்து டீச்சரைப் பார்த்தார்.

"நான் மாறுதல் கேக்கல. இங்கயே இருக்கேன்," என்றார் டீச்சர்.

ஊர் போட்ட கூச்சலில் கால்வாயில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது. கூச்சல் அடங்கியதும் தனுஷ்கோடி கேட்டான். "ஒண்ணே ஒண்ணு மாமா. ரெண்டு பேரு கயிறு போட்டுத்தான இழுக்குறீங்க? அப்புறம் எதுக்கு மோட்டாரையும் ஓட விடுறீங்க? சக்கரம் சும்மா தண்ணிக்குள்ள சுத்துதே?"

"மோட்டார் ஓடலேன்னா சார்ஜ் எறங்குமா?"

"எறங்காது."

"சார்ஜ் எறங்கலேன்னா மறுபடி ஏத்த முடியுமா?"

"முடியாது."

"சார்ஜ் ஏத்தலேன்னா, அப்புறம் எப்படி மாப்ள தண்ணி ஊத்துறது? நீதான சொன்ன?"

தனுஷ்கோடி வேப்பமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கண்ணுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"தை பாதியில கால்வாய் வத்திரும். தண்ணி இல்லாம வண்டி எப்படி மிதக்கும்? டீச்சர் எப்படி வரும்?"

தனுஷ்கோடி எழுந்து கையைக் காலை ஆட்டி, வற்றினால் டிரம்மைக் கழற்றிவிட்டு முன்போலச் சக்கரத்தில் ஓட்டலாம் என்று விளக்கினான். நாலு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சோணைமுத்து அவனைத் தனியாகத் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

"டீச்சர் இப்பத்தான் அசந்து தூங்கி வருது மாப்ள. அதக் கெடுக்க வேணாம். கால்வாய் வத்துனா நாங்களே ரொப்பிக்கிறோம். ஆனா பேட்டரி வண்டிக்குக் காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டும்தான்னு சொல்லிப்புட்ட. இப்ப ஓடுற மழைத் தண்ணிக்கே எங்களுக்கு மனசு உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு. மூணு கிலோமீட்டர் கால்வாய். எத்தனை கேன் வேணும்னு சொன்னா வந்து எடுத்துக்கிறோம்."

டீச்சர்தான் வகுப்புக்குள் போய், அதையே கணக்காகப் பலகையில் எழுதிப் போட்டார். கால்வாயின் நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, ஆழம் இவ்வளவு, ஒரு கேனில் ஐந்து லிட்டர். பதினொரு பிள்ளைகளும் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார்கள். மணியடிக்கிற நேரத்துக்குள் பதினொரு விடை வந்தது. எல்லாம் லட்சக்கணக்கில். எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியில் நின்ற கமிட்டியும் கணக்குப் போட்டு முடித்திருந்தது.

"ரெண்டு கேன் டீச்சர்," என்றார் சோணைமுத்து.

"ரெண்டா? எப்படி?"

"ஒண்ணு ஊத்துறதுக்கு. இன்னொண்ணு, பத்தலேன்னா."